சுடுவது அப்புறம், முதலில் தரையிறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்குப் போர் விமான கேம்கள் மீது ஒரு தனி ஆசை உண்டு. டவுன்லோட் செய்வார்கள், இன்ஸ்டால் செய்வார்கள், அன்றைக்கே இண்டர்நெட்டில் நுழைந்து எங்கோ இருக்கும் ஆட்டக்காரர்களோடு மோதுவார்கள். பத்து முறை ஏறிப் பத்து முறையும் விழுவார்கள். "விமானம்தான் சரியில்லை" என்று காசு கொடுத்து வேறு விமானம் வாங்குவார்கள். அதுவும் விழும். ஒரு வாரத்தில் கேம் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கப்பட்டுவிடும். வாங்கிய ஜாய்ஸ்டிக் பரணுக்குப் போய்விடும்.

இப்படிக் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். கற்க வேண்டிய வரிசை தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். என் கருத்து இதுதான்: இந்த கேம்களில் எத்தனை விமானங்களைச் சுட்டு வீழ்த்தினீர்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை முறை பத்திரமாகத் திரும்பி வந்து தரையிறங்கினீர்கள் என்று எண்ணுங்கள். எந்த கேமைத் தேர்ந்தெடுப்பது, எதற்குச் செலவு செய்வது, எப்படிப் பழகுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு கணக்கே பதில் சொல்லிவிடும்.

கேமா, சிமுலேட்டரா?

இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஆர்கேட் வகை கேமில் மவுஸை எங்கே காட்டுகிறீர்களோ அங்கே விமானம் போகும். விழுந்தால் அடுத்த விமானம் தயாராக இருக்கும். சிமுலேட்டரில் இறக்கையைத் தூக்கும் விசை, எடை, என்ஜினின் இழுப்பு, காற்றின் எதிர்ப்பு ஆகிய நான்கையும் கம்ப்யூட்டர் இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் ஸ்டிக்கை முரட்டுத்தனமாக இழுத்தால், உண்மையான விமானம் என்ன செய்யுமோ அதையே திரையில் உள்ள விமானமும் செய்யும். அதாவது விழும்!

இண்டர்நெட்டில் பலர் சேர்ந்து மோதும் விமான கேம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் 1980-களின் இறுதியிலேயே ஏர் வாரியர் என்ற கேமை போன் லைன் மூலம் ஆடினார்கள். அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998, 2000, 2002 ஆண்டுகளில் காம்பேட் ஃப்ளைட் சிமுலேட்டர் வரிசையில் மூன்று கேம்களை வெளியிட்டது. மாஸ்கோவில் உருவான ஐ.எல்.-2 ஸ்டர்மோவிக் 2001-ல் வந்தது. அதன் வாரிசுகள் இன்றும் ஆடப்படுகின்றன.

பழைய சிடி கிடைத்தால் தனியாக ஆடிப் பார்க்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆன்லைனில் ஆடலாம் என்று நம்ப வேண்டாம். பல பழைய கேம்களுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைத்த கேம்ஸ்பை சேவை 2014-ல் மூடப்பட்டுவிட்டது. எந்த கேமாக இருந்தாலும், அதற்கு இன்று இயங்கும் சர்வர் உண்டா, நீங்கள் ஆடும் நேரத்தில் அதில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

காசு கொடுக்காமல் தொடங்க இன்று நல்ல வழிகள் உள்ளன.

வார் தண்டர்: 2012 முதல் இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என மூன்று முறைகள் உண்டு. எல்லோரும் ஆர்கேடில் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். நான் சொல்வது, ஆர்கேடில் இரண்டு நாள் போதும். பிறகு ரியலிஸ்டிக்குக்கு வந்துவிடுங்கள். அங்கே ஒரு போருக்கு ஒரே விமானம். குண்டு தீர்ந்தாலோ அடிபட்டாலோ ஓடுபாதைக்குத் திரும்பி இறங்கினால் பழுது பார்த்து மறுபடி கிளம்பலாம். விழுந்தால் அந்தப் போர் உங்களுக்கு முடிந்தது. மவுஸை வைத்தே ஆடலாம் என்பதால் ஜாய்ஸ்டிக் இல்லாதவர்களுக்கும் ஏற்றது.

டி.சி.எஸ். வேர்ல்டு: இது அசல் சிமுலேட்டர். டவுன்லோட் இலவசம். கூடவே இரண்டு விமானங்களும் இலவசம். ஒன்று ரஷ்யாவின் எஸ்.யு.-25டி என்ற தாக்குதல் ஜெட். மற்றொன்று டி.எஃப்.-51டி. இது இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற முஸ்டாங் விமானத்தின் பயிற்சி வடிவம். இதில் துப்பாக்கியே கிடையாது! பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், புதியவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பரிசு இந்தத் துப்பாக்கி இல்லாத விமானம்தான். சுட முடியாது என்பதால் ஓட்டக் கற்றே ஆக வேண்டும்.

ஆனால் டி.சி.எஸ்.ஸில் மற்ற விமானங்கள் விலை அதிகம். எஃப்.ஏ.-18 போன்ற ஒரே ஒரு ஜெட்டின் விலை 80 டாலர் வரை. அதன் சொந்தத் தளத்திலிருந்து இன்ஸ்டால் செய்தால் பெரும்பாலான விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும், எஸ்.எஸ்.டி.யில் நூறு ஜிபிக்கு மேல் இடமும் தேவை.

ஐ.எல்.-2 கிரேட் பேட்டில்ஸ்: 2014-ல் ஸ்டாலின்கிராட் போருடன் தொடங்கிய வரிசை. ஒவ்வொரு போரும் தனித்தனியாக விற்கப்படுகிறது. தள்ளுபடி நாட்களில் விலை நன்றாகக் குறையும். உலகப் போர் விமானங்களை மட்டும் விரும்புபவர்களுக்கு, ஓட்டும் உணர்வும் மோதும் சுவையும் சமமாகக் கிடைக்கும் இடம் இது.

சாதாரண கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்பவர்களுக்கு 2006-ல் வந்த ஐ.எல்.-2 1946 போதும். அதுவும் வேண்டாம் என்றால், ஜப்பானியரான சோஜி யமகாவா எழுதிய ஒய்.எஸ்.ஃப்ளைட் இருக்கிறது. இலவசம், மிகச் சிறியது. படங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆனால் நெட்வொர்க்கில் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து அண்ணனும் தம்பியும் மோதிப் பழகலாம்.

1998-ல் வந்த ஃபால்கன் 4.0-ஐ ஆர்வலர்கள் இன்றுவரை மெருகேற்றி ஃபால்கன் பி.எம்.எஸ். என்ற பெயரில் தருகிறார்கள். அருமையான படைப்பு. ஆனால் பழைய ஃபால்கனோடு வந்த கையேடே சுமார் 600 பக்கம். முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மற்றொரு விஷயம். படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்து கேமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேகம் அழகாகத் தெரிந்து, படம் விட்டு விட்டு ஓடினால் குறிபார்க்க முடியாது. கிராஃபிக்ஸ் அளவைக் குறைத்து வைத்து, படம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். சிமுலேட்டரில் அதுதான் முக்கியம்.

ஜெட் வேண்டாம், ஹரிகேன் போதும்

புதியவர்கள் எல்லோரும் ஜெட் கேட்பார்கள். ஜெட்டில் ரேடார், ஏவுகணை, அதற்கான சுவிட்சுகள் என்று கற்க வேண்டியது மலைபோல் இருக்கும். நீங்கள் பார்க்காத ஒருவர் பல கிலோமீட்டர் தள்ளி இருந்து ஏவுகணையை விடுவார். எதனால் விழுந்தோம் என்றே உங்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் எதையும் கற்க முடியாது. புரொப்பல்லர் விமானத்தில் எதிரி கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தாக வேண்டும். என்ன தவறு நடந்தது என்பது பெரும்பாலும் உடனே புரியும்.

அடுத்த ஆசை ஸ்பிட்ஃபயர். நமக்கு அதில் ஒரு சொந்தமும் உண்டு. 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ம் படைப்பிரிவின் பெயரே மெட்ராஸ் பிரசிடென்சி படைப்பிரிவு என்பதுதான். ஆனால் ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் நெருக்கமாக அமைந்தவை. தரையில் எளிதில் சாயும். ஹரிகேனின் சக்கரங்கள் அகலமாக இருக்கும். மெதுவானது, ஆனால் நிதானமானது. அந்த வான்போரில் ஸ்பிட்ஃபயரைவிட அதிக ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியது இந்த ஹரிகேன்தான். வார் தண்டரில் பிரிட்டிஷ் வரிசையின் ஆரம்பத்திலேயே இது கிடைத்துவிடும். எந்த கேமாக இருந்தாலும் முதல் மாதம் முழுவதும் ஒரே விமானத்தில் இருங்கள். தினம் ஒரு விமானம் மாற்றுபவர் எதையும் கற்பதில்லை.

முதல் வாரம்: தனியாகப் பறங்கள்

முதல் வாரம் ஆன்லைனுக்குப் போகவே வேண்டாம். கிளம்புவது, ஏறுவது, திரும்புவது, இறங்குவது. இந்த நான்கு மட்டும். கிளம்பும்போதே முஸ்டாங், ஸ்பிட்ஃபயர் போன்றவை இடப்பக்கம் இழுக்கும். புரொப்பல்லர் சுழல்வதால் வரும் விளைவு இது. வலது ரடரைக் கொஞ்சம் கொடுத்து நேராக்க வேண்டும். என்ஜினை ஒரேயடியாக முழு வேகத்துக்குத் தள்ளாமல் படிப்படியாகக் கூட்டினால் இந்த இழுப்பைச் சமாளிப்பது எளிது.

புதியவர்கள் அதிகமாக விழுவது திரும்பும்போதுதான். எதிரி சுட்டு விழுவதில்லை, தானாகவே விழுகிறார்கள். காரணம் எளிமையானது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் விமானத்தின் எடை இரண்டு மடங்கானது போல் ஆகிவிடும். அதைத் தாங்க அதிக வேகம் தேவை. நேராகப் பறக்கும்போது 150 கி.மீ. வேகம் வரை தாங்கும் விமானம், இப்படித் திரும்பும்போது சுமார் 212 கி.மீ. வேகத்திலேயே தூக்கும் விசையை இழந்துவிடும். இதற்குப் பெயர் ஸ்டால். ஸ்டிக்கை இன்னும் இழுத்தால் விமானம் பம்பரமாகச் சுழன்று விழும். அப்போது இழுப்பதை விட்டுவிட வேண்டும். மூக்கைக் கீழே விட்டு வேகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயந்த கை இழுக்கத்தான் பார்க்கும். அந்தக் கையைப் பழக்குவதற்குத்தான் இந்த ஒரு வாரம்.

தொடர்ந்து ஐந்து முறை சேதமில்லாமல் இறங்கிவிட்டீர்கள் என்றால் முதல் வாரப் பாடம் முடிந்தது.

இரண்டாம் வாரம்: உயரமும் குறியும்

உயரம் என்பது வங்கியில் போட்ட பணம். வேண்டும்போது வேகமாக மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 1000 மீட்டர் கீழே பாய்ந்தால், காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், வேகம் சுமார் 640 கி.மீ. ஆகிவிடும். கீழே இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த வேகத்தைத் துரத்த முடியாது. ஆகவே கிளம்பியதும் சண்டை நடக்கும் இடத்தை நோக்கி நேராக ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பொறுமையாக ஏறி, பிறகு போங்கள். ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்கே 1916-ல் தன் சக விமானிகளுக்கு எழுதிக் கொடுத்த விதிகளின் சாரமும் இதுதான்: முதலில் சாதகமான நிலையைப் பிடி, முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், அருகில் போன பிறகே சுடு.

சுடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க விமானங்களின் பெரிய இயந்திரத் துப்பாக்கியின் குண்டு விநாடிக்குச் சுமார் 850 மீட்டர் போகும். 300 மீட்டர் தூரத்தில் உள்ள எதிரியை அடைய விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள், 400 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் விமானம் ஏறக்குறைய 39 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது நான்கு விமான நீளம்! எதிரியின் மேல் குறிவைத்தால் குண்டு வெற்றிடத்தில்தான் போகும். எதிரி போகப் போகும் இடத்தில் குறிவைக்க வேண்டும். அல்லது அவருக்கு நேர் பின்னால் போய்விட வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான்.

டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. 1940-ன் ஸ்பிட்ஃபயரில் இருந்த மொத்தக் குண்டுகளும் ஏறக்குறைய 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று விட்டு விட்டுச் சுடுங்கள்.

மூன்றாம் வாரம்: இண்டர்நெட்டுக்குள்

இப்போது பிங் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் இது. மில்லி விநாடியில் சொல்வார்கள். ஃபைபர் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. நேர்கோட்டில் போய்த் திரும்பவே 29 மில்லி விநாடி ஆகும். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டுக்கு என்றால் சுமார் 75. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இதைவிட நன்றாகவே கூடும். எவ்வளவு பணம் கட்டி வேகமான இணைப்பு வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது. எனவே அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் சொருகுங்கள். ஆடும்போது பெரிய டவுன்லோட் எதுவும் ஓடக் கூடாது.

நேரமும் முக்கியம். நம் இரவு 10 மணி ஐரோப்பாவில் மாலை நேரம். அவர்கள் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரம் அது. ஞாயிறு காலை 8 மணி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு. இந்த இரண்டு நேரங்களிலும் சர்வர்களில் ஆட்கள் இருப்பார்கள்.

முதல் சில நாட்கள் தனியாகப் போகாதீர்கள். உங்கள் அணியைச் சேர்ந்த ஒருவரின் பின்னால் சற்றுத் தள்ளிப் பறங்கள். அவர் எப்போது திரும்புகிறார், எப்போது விலகி ஓடுகிறார் என்று பாருங்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். விழுபவர்களில் பெரும்பாலோர் தன்னைச் சுட்டவரைப் பார்க்காதவர்கள்தான். ஓடுபாதையில் நிற்பவரைச் சுடுவது பல சர்வர்களில் தடை. சொந்த அணியைச் சுட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். சர்வரில் நுழைந்ததும் காட்டப்படும் விதிகளைப் படித்துவிடுங்கள்.

எதற்குச் செலவு செய்யலாம்?

கேமுக்குள் இருக்கும் கடையில் முதல் மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். விழுந்த எரிச்சலில் இருப்பவரிடம் நல்ல விமானத்தைக் காட்டினால் வாங்கத்தான் தோன்றும். அந்தக் கடை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் ஆடும் கம்ப்யூட்டரில் கார்டு விவரங்களைச் சேமித்து வைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வாய்ஸ் சாட்டையும் அணைத்து வைக்கலாம்.

ஒரு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால் முதல் செலவு ஜாய்ஸ்டிக். கீபோர்டில் ஒரு கீயை அழுத்தலாம், அல்லது விடலாம். பாதி அழுத்த முடியாது. விமானத்துக்குத் தேவை அந்தப் பாதிதான். கைப்பிடியைத் திருகினால் ரடர் இயங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப வேண்டும் என்றால், இருக்கும் வெப்கேமை வைத்தே ஓபன்டிராக் என்ற இலவச சாப்ட்வேர் அதைச் செய்துவிடும்.

திரும்பி வருவதே வெற்றி

போர் கேம் பிள்ளைகளைக் கெடுத்துவிடுமோ என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விழுந்த மறுகணமே அடுத்த விமானம் கிடைக்கும் கேமை நானும் அதிகம் ஆடச் சொல்ல மாட்டேன். அங்கே உயிருக்கு மதிப்பில்லை. ஆனால் இருபது நிமிடம் பறந்து, எதிரியைக் கண்டு, நிலைமை சரியில்லை என்று சண்டையைத் தவிர்த்துவிட்டு, என்ஜின் அடிபட்ட விமானத்தை மெல்ல நகர்த்தி வந்து ஓடுபாதையில் வைக்கும் ஒரு சிறுவன் கற்பது வேறு. எப்போது விலகுவது என்பதை அவன் கற்கிறான்.

கொல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்தார். 1918 ஜூலையில் 13 நாட்களில் 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று கிளம்பியவர் திரும்பவில்லை. வயது 19. அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ விமானத்தை இன்று சிமுலேட்டர்களில் நாமும் ஓட்டலாம். நமக்கு மறுபடி கிளம்ப ஒரு பட்டன் இருக்கிறது. அவருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆடுபவருக்கு இது வெறும் சுடும் விளையாட்டாகத் தோன்றாது.

ஆகவே ஒரு சின்ன நோட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் கிளம்பிய எண்ணிக்கை, வலது பக்கம் பத்திரமாக இறங்கிய எண்ணிக்கை. இரண்டும் நெருங்கி வரும் நாளில், சுட்டு வீழ்த்தும் கணக்கு தானாகவே ஏறத் தொடங்கியிருக்கும். செய்து பாருங்கள்!